முதல் ரைஃபிள் கிட்டுக்கு எந்தெந்த மரவேலைக் கருவிகள்? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் ஆப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தில், நார்த்டேல் பகுதியில் நடந்தது இது. கிட், அதாவது பாகங்களாக வந்து வீட்டில் பொருத்திக்கொள்ளும் துப்பாக்கி, வாங்கியவருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். இளவயதிலிருந்து காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தவர். 1990-களில் வெளிநாட்டுச் செருப்புகள் மலிவாக வந்து குவிந்ததும் இங்கே பல ஆலைகள் சுருங்கின. இவர் வேலை பார்த்த ஆலை எப்படியோ தாக்குப்பிடித்தது. ஓய்வு பெறும் வரை கையில் கத்தியோடுதான் இருந்தார். இந்த ஆய்வு முழுக்க அவரை நண்பர் என்றே குறிப்பிடுகிறேன். அவருக்கு வழிகாட்டியவர் எழுபதைத் தாண்டிய தச்சர். பழைய மரச்சாமான் பட்டறைக்காரர். இப்போது கோயிலுக்குக் காவடிச் சட்டங்கள் செய்து கொடுப்பதோடு சரி. அவரைப் பெரியவர் என்கிறேன். நான் அதே தெருவில் தச்சு வேலை செய்பவன். நடந்ததில் பாதிக்கு மேல் கண்ணால் பார்த்தேன், மீதி அவர்கள் இருவரும் சொன்னது.

குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளை இங்கே ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் ஃபூர்லாயர் என்பார்கள். அதை வைத்துச் சுடும் சங்கங்கள் நாட்டில் பல இடங்களில் உண்டு. கூட வேலை பார்த்த ஒருவர் நண்பரை அப்படி ஒரு நாள் கூட்டிப்போக, ஆசை பிடித்துக்கொண்டது. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இந்த வகைக்குத் தனித்தனி உரிமம் தேவையில்லை. ஆனால் வைத்திருப்பவருக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். நண்பர் பயிற்சி முடித்து, காவல் நிலையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் உள்ளூர் விற்பனையாளரிடம் கிட்டுக்குப் பணம் கட்டினார். வரிசை மாறாமல் இப்படிச் செய்தது நல்லது. கிட் வீட்டுக்கு வந்தபின் காகிதத்துக்கு அலைபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வாங்கியது ஹாக்கன் வகை, .50 காலிபர், கேப் என்ற சிறு வெடிமூடியை வைத்து வெடிப்பது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த ரைஃபிளின் சாயல். குழல் எட்டுப் பட்டை, அதைத் தாங்கும் மரக்கட்டை குழலின் பாதி நீளம்தான். நம் ஊர் போயர்களின் சன்னா என்ற பழைய துப்பாக்கியோ, குரங்குத் தொடை மாதிரி அடிக்கட்டை உள்ள கேப் மாகாணத் துப்பாக்கியோ அல்ல. சங்கத்து மூத்தவர் ஒருவர் இதைச் சொல்லிக் கிண்டலும் செய்தார். நண்பர் சட்டை செய்யவில்லை. கிட்டாகக் கிடைத்தது அது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி நகல் துப்பாக்கிகளில் நிறைய இத்தாலியில் பிரெஷா நகரத்தை அடுத்த த்ரோம்பியா பள்ளத்தாக்கில் செய்யப்படுகின்றன. குழலை அங்கேயே சோதித்து முத்திரை குத்துகிறார்கள். பி.என் என்ற எழுத்து இருந்தால் கருமருந்துக்கு மட்டும் என்று அர்த்தம். குழலும் அதன் பின்மூடியும் ஆலையில் முடிந்து வருவதால் அவற்றில் நமக்கு வேலையில்லை, தொடவும் கூடாது. வாங்குபவருக்கு மிச்சம் இருப்பது மரம். அந்த மரத்துக்கு எந்தக் கருவி வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

பெட்டியைத் திறந்தபோது

புனித வெள்ளியன்று லாங்கலிபலேலே தெரு (பழைய லாங்மார்க்கெட் தெரு) மாரியம்மன் கோயிலில் தீமிதி நடந்த சில நாள் கழித்துக் கிட் வந்தது. இங்கே அது மழை ஓய்ந்து காற்று காயத் தொடங்கும் காலம். கட்டை வால்நட் மரம். பெரியவர் அதைச் சில வாரம் வீட்டுக்குள்ளேயே சும்மா வைக்கச் சொன்னார். மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, அகலவாக்கில் அசையும். வந்த அன்றே லாக் என்ற சுடும் பொறியின் தகட்டை மயிரிழை இடைவெளியில் பொருத்தினால், மரம் காய்ந்து ஒரு நிலைக்கு வரும்போது அந்தப் பொருத்தம் இருக்காது.

காத்திருந்த நாட்களில் நண்பர் கருவிப் பட்டியல் ஒன்று எழுதினார். கிட்டத்தட்ட முப்பது பொருள். இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தி, ஸ்போக்‌ஷேவ் என்ற சிறு சீவுளி, இழைப்புளி, பன்னிரண்டு குழியுளி கொண்ட செட், ரௌட்டர், சின்னச் சுழல் மெஷின், நிலை ட்ரில், பேண்ட்சா என்ற பட்டை ரம்பம் வரை அதில் இருந்தது. விலையைக் கூட்டினால் கிட்டின் விலையைத் தாண்டியது. பெரியவர் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “தம்பி, இது மரக்கட்டையிலிருந்து துப்பாக்கி செய்யப் போகிறவன் எழுதுகிற பட்டியல். உனக்கு வந்திருப்பது பாதிச் சமையல் முடிந்த குழம்பு. முதலில் கட்டையைக் கொண்டு வா” என்றார்.

பட்டியல் எப்படிச் சுருங்கியது

பெரியவர் செய்தது எளிய வேலைதான். மற்றவர்களுக்கு இந்த நிகழ்விலிருந்து உதவக்கூடியது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கட்டையை மேஜையில் வைத்து, உலோகப் பாகங்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வெறுமனே வைத்துப் பார்த்தார்கள். எங்கே மரம் எடுபட வேண்டுமோ அங்கே காகித நாடா ஒட்டி எண் போட்டார்கள். ஒரு தாளில் எண், எவ்வளவு மரம் எடுக்க வேண்டும், அந்த இடத்தின் மிகக் குறுகிய மூலை எவ்வளவு என்று எழுதினார்கள்.

தாளில் விழுந்தவை இவை. குழல் பள்ளத்தில் சில இடங்களில் மட்டும் லேசான இறுக்கம். குழலின் பின்னால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் டேங் என்ற வால்துண்டு, மரத்துக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் நின்றது. லாக் தகட்டின் முன்மூலை உள்ளே இறங்கவே இல்லை. விசைத் தகட்டுக்குக் கொஞ்சம். அடித்தகடு, அதாவது தோளில் படும் பிறை வடிவ உலோகம், நடுவில் தொட்டு இரு முனையிலும் இடைவெளி காட்டியது. பாகங்களைச் சுற்றி மரம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தூக்கலாக விடப்பட்டிருந்தது. அது வேண்டுமென்றே விடுவது, உலோகத்தின் மட்டத்துக்குக் கடைசியில் இறக்கிக்கொள்ள.

தாளைப் பார்த்ததும் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்தது. இழுப்புக் கத்தியும் ஸ்போக்‌ஷேவும் சதுரக் கட்டையிலிருந்து வடிவம் எடுக்கும்போது முதலில் கைக்கு வரவேண்டியவை. இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் இழுப்புக் கத்தி ஒரு முறை நாரோடு போய்விட்டால் நான்கு மில்லிமீட்டரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பேண்ட்சாவுக்கு வேலையே இல்லை. ரௌட்டர் நேர்ப்பள்ளத்துக்கு நல்லது, ஆனால் வளைந்த கட்டையில் அதன் தட்டையான அடிப்பாகம் உட்கார இடம் கிடையாது.

மிஞ்சியவை: 3, 6, 12 மில்லிமீட்டர் தட்டையுளிகள், ஆழமில்லாத குழியுளி ஒன்று, ஒரு பக்கம் தட்டை மறுபக்கம் வளைவாக உள்ள மர அரம், அதே வடிவில் நைசான அரம், ஸ்கிரேப்பர் தகடு, சிறிய மரச்சுத்தி. கோடு கீறுவதற்குக் கத்தி வாங்க வேண்டியிருக்கவில்லை, தோல் வெட்டும் கத்தி வீட்டில் இருந்தது. ட்ரில் மகனுடையது. திருப்புளி விஷயத்தில் மட்டும் பெரியவர் கண்டிப்பாக இருந்தார். கடையில் கிடைக்கும் திருப்புளி நுனியில் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அது பழைய பாணித் திருகின் காடியில் முழுதாக உட்காராமல் வழுக்கி, காடியின் வாயைக் கடித்துவிடும். இரண்டு திருப்புளிகளின் நுனியை அரத்தால் அராவி, காடியின் அடிவரை இணையாகப் போகும்படி செய்தார்கள்.

மிச்சமான பணம் வைஸ் என்ற இறுக்குப்பிடி வாங்கப் போனது. நண்பருக்கு இது பிடிக்கவில்லை. உளி வாங்கினால் உளி கண்ணுக்குத் தெரிகிறது, வைஸ் என்ன வேலை செய்யப் போகிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் உளி தள்ளுகிறவன் அளந்து சீவவே முடியாது. உளி வழுக்கினால் பிடித்த கையில்தான் ஏறும். நான்கு அங்குல இரும்பு வைஸ், அதன் இரண்டு வாய்க்கும் பைன் பலகை, பலகையின் மேல் ஆலையிலிருந்து எப்போதோ கொண்டு வந்த தோல் துண்டுகள். கட்டையின் மறுமுனைக்கு முட்டுக் கொடுக்க, உயரம் மாற்றக்கூடிய ஒரு தாங்கி. இதற்குப் பிறகு கட்டையில் ஒரு கீறல்கூட வைஸால் விழவில்லை.

தீட்டும் கல்லில் தெரியவந்தது

உளிகள் சாதாரண ஹார்டுவேர் கடையில் வாங்கியவை. புதிய உளி தீட்டப்பட்டு வருவதில்லை, தீட்டத் தயாராக வருகிறது. முதுகுப்புறம் தட்டையாகத் தெரிந்தாலும் கண்ணாடியின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்தால் எங்கே குழி, எங்கே மேடு என்று காட்டிக்கொடுக்கும். முழு முதுகையும் தட்டையாக்கத் தேவையில்லை. வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் போதும். சாய்வை 25 டிகிரியில் தீட்டி, நுனியில் மட்டும் 30 டிகிரியில் ஒரு சின்னச் சாய்வு. நண்பர் கோணம் பிடிக்கும் சக்கரச் சட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டார். பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார், தடுக்கவில்லை.

இங்கேதான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கத்தி தீட்டியவருக்கு உளி தீட்டுவது சுலபமாக வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வாய் கூராகவே வந்தது, கை முடியைச் சிரைத்தது. ஆனால் கியாட் என்ற உள்ளூர் மரத்தின் துண்டில் பழகக் கொடுத்தபோது அந்த உளி தட்டையாகச் சீவவில்லை. பள்ளத்தின் அடியில் கை தாழ்ந்திருக்கும்போது மேலே மேலே ஏறி வந்தது. கையைத் தூக்கினால் குபுக்கென்று உள்ளே இறங்கியது.

பெரியவர் உளியை வாங்கி, முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வாயை ஒட்டி ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு மட்டும் தனியாக மின்னியது. முதுகு அங்கே உருண்டிருந்தது. காரணம் தோல். தோல் வெட்டும் கத்திக்கு இரண்டு பக்கமும் சாய்வு. தீட்டி முடித்ததும் தொங்கும் தோல் வாரில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுப்பது அவர் கையின் பழக்கம், ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் மணிக்கட்டைச் சற்றுத் தூக்குவதும் சேர்த்து. கத்திக்கு அது சரி. உளிக்கோ முதுகுதான் வழிகாட்டும் பலகை. அது உருண்டால் உளி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

வாரை எடுத்துவிட்டு, மெல்லிய தோலைப் பலகையில் ஒட்டி, மெருகேற்றும் பச்சைப் பசை தேய்த்து, முதுகு எப்போதும் பலகையில் படுத்தபடியே இழுக்க வேண்டும் என்று முடிவானது. உருண்ட முதுகு போக, சாய்வுப் பக்கத்திலிருந்து உலோகத்தைத் தேய்த்துப் புது வாய் கொண்டுவர வேண்டியிருந்தது. மாலை முழுதும் போய்விட்டது. கிரைண்டரில் போட்டால் நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று நண்பரின் மருமகன், அக்கா மகன், சொன்னான். உலர்ந்த கல்லில் வேகமாகத் தேய்த்தால் வாய் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகு பதம் இழந்துவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கையால்தான் செய்தார்கள்.

கூர் போதுமா என்று பார்க்கப் பெரியவர் வைத்திருந்த சோதனை: பைன் மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவுவது. பைன் மென்மையானது, அதனாலேயே மொட்டை உளிக்கு அடங்காது, நார் நசுங்கி வெள்ளையாகப் பொடியும். நல்ல கூர் இருந்தால் வெட்டுமுகம் கண்ணாடி மாதிரி மின்னும். முடி சிரைப்பதைவிட இது நம்பகமான சோதனை.

விளக்குக் கரியும் டேங்கும்

உலோகம் மரத்தில் எங்கே முட்டுகிறது என்று தெரிய, உலோகத்தில் கறுப்புப் பூசி, வைத்துத் தட்டி எடுத்துப் பார்ப்பது வழக்கம். கறை பட்ட புள்ளிகளை மட்டும் சீவ வேண்டும். இதற்கென்று புட்டியில் விற்கிறார்கள். நண்பரின் வீட்டம்மா குத்துவிளக்குச் சுடரின் மேல் தட்டைக் காட்டி, படிந்த கரியில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் குழைத்துக் கொடுத்தார். பழைய கண்மைப் பக்குவம். வேலைக்குக் கனகச்சிதம். ஒரே எச்சரிக்கை, மெல்லிசாகப் பூச வேண்டும். கெட்டியாகப் பூசினால் பள்ளத்தின் பக்கச்சுவரெல்லாம் கறுத்து, சீவக் கூடாத இடத்தைச் சீவச் சொல்லும்.

வேலையின் வரிசையைப் பெரியவர் மாற்ற விடவில்லை. முதலில் குழலும் டேங்கும், பிறகு லாக், பிறகு விசை, கடைசியில் அடித்தகடு. குழல் உட்கார்ந்த இடத்தை வைத்துத்தான் நிப்பிள், அதாவது கேப் மாட்டும் முனை, நிற்கும் இடம் முடிவாகும். நிப்பிளை வைத்துத்தான் கேப்பை அடிக்கும் குதிரை சரியாக அதன் தலையில் விழும்படி லாக் உட்கார வேண்டும். லாக்கின் உள்நெம்புகோலை வைத்துத்தான் விசை. பின்னால் இருந்து தொடங்கினால் முன்னால் இருப்பது எதற்கும் ஒத்துவராது.

டேங்கைப் பொருத்தும்போது பெரியவர் இரண்டு விஷயம் சொன்னார். இரண்டும் கருவித் தேர்வோடு தொடர்புடையவை. சுட்டால் குழல் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையை டேங் துண்டின் நெஞ்சு, அதாவது அதன் தடித்த முன்பகுதியின் பின்முகம், மரத்தின் வெட்டுமுகத்தில் முழு அகலத்துக்கும் அமர்ந்து வாங்க வேண்டும். அந்த வெட்டுமுகம் சுத்தமான நேர்ச்சுவராக இருக்க 12 மில்லிமீட்டர் உளி ஒன்றே போதும், ஆனால் அது பைன் சோதனையில் தேறிய உளியாக இருக்க வேண்டும். இரண்டாவது, டேங்கின் வால்நுனிக்குப் பின்னால் ஒரு காகிதத் தடிமன் இடம் விட வேண்டும். அங்கே மரத்தில் இறுக்கமாக முட்டினால் உதைக்கும் ஒவ்வொரு தடவையும் வால் ஆப்பாக இறங்கி, கட்டையின் மெல்லிய கழுத்தைப் பிளந்துவிடும். பார்வைக்கு இடைவெளி இல்லாத டேங் அழகாக இருக்கும். நண்பர் அழகையே விரும்பினார். “அழகாகப் பிளக்கும்” என்றார் பெரியவர், பேச்சு முடிந்தது.

பள்ளம் வெட்டுவதில் நண்பரின் கை இப்போது மிகவும் உதவியது. கத்தியால் ஓரக்கோடு கீறுவதில் அவரை மிஞ்ச எங்களில் ஆள் இல்லை. கோட்டின் மேலேயே கத்தி நுனியை நிறுத்தி, கைவிரலை வேலியாக்கி, ஒரே இழுப்பில் வளைவை முடித்துவிடுவார். அந்தக் கீறல்தான் பின்னால் வரும் உளிக்குச் சுவர். கோட்டை ஒட்டி உளியை நேராகத் தட்டாமல், கொஞ்சம் உள்ளே தள்ளி முதலில் மரத்தைக் காலிசெய்துவிட்டு, கடைசி அரை மில்லிமீட்டரைக் கையால் தள்ளிச் சீவினார். தகடுகளின் ஓரத்தை அரத்தால் கீழ்ப்புறம் மிக லேசாக உள்சாய்வு செய்துகொண்டதும் உதவியது. தகடு இறங்க இறங்க ஓரம் இறுகும், இடைவெளி மூடிக்கொள்ளும்.

லாக் பள்ளத்தில் நேர்ந்தது

குளிர்காலத்தின் நடுவில் லாக்கின் முறை வந்தது. தகடு வெளிவடிவத்துக்கு இறங்கியாகிவிட்டது. உள்ளே வில்லும் திருகுத்தலையும் உட்கார ஆழம் போதவில்லை. அந்த மூலை குறுகியது, 6 மில்லிமீட்டர் உளி திரும்பவில்லை. 3 மில்லிமீட்டர் உளி தாளில் எழுதியிருந்தாலும் கடையில் அன்றைக்கு இல்லை, பிறகு வாங்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

மருமகன் தன் சுழல் மெஷினைக் கொண்டு வந்தான். “மாமா, இது இரண்டு நிமிஷ வேலை.” இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு சுழலும் பல் பள்ளத்தின் சுவரைக் கடித்து, அதைப் பிடித்தே ஓடி, மேல் ஓரத்துக்கு ஏறிவிட்டது. லாக்கின் மேல் விளிம்பில், குழலை ஒட்டிக் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடத்தில், எட்டு மில்லிமீட்டர் நீளச் சிம்பு ஒன்று பெயர்ந்து போனது.

இப்படி ஆவதற்குக் காரணம் கருவியின் தரமல்ல. கையால் தள்ளும் உளி மரம் எதிர்த்தால் நின்றுவிடும். சுழலும் பல் எதிர்க்கிற பக்கமாக ஓடும். கருத்த நாரும் வெளிர் நாரும் அடுத்தடுத்து வரும் மரத்தில் எதிர்ப்பு நொடிக்கு நொடி மாறும், அதைக் கை உணர்வதற்குள் பல் போய்விட்டிருக்கும். பழகிய கைகள் இந்த மெஷினை அழகாக ஓட்டுகின்றன, நானே ஓட்டுகிறேன். ஆனால் முதல் கட்டையில், வெளியே தெரியும் ஓரத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

முதலில் எடுத்த முடிவு நல்ல முடிவு: யாரும் தரையைப் பெருக்கவில்லை. விளக்கைத் தரைக்குத் தாழ்த்தி மரத்தூளைத் துழாவினார்கள், சிம்பு கிடைத்தது. அதே இடத்துச் சிம்பைவிட நார் ஒத்துப்போகும் ஒட்டுத்துண்டு உலகத்தில் கிடையாது. பெயர்ந்த முகத்தைத் தேய்க்காமல், சுத்தம்கூடச் செய்யாமல், பல்குச்சி நுனியால் மரப்பசை தடவி, வைத்து, காகித நாடாவை இறுக்கி இழுத்து ஒட்டி, மறுநாள் வரை தொடவில்லை. சிம்பு தொலைந்திருந்தால் குழல் பள்ளத்தின் அடியிலிருந்து, அதாவது வெளியே தெரியாத இடத்திலிருந்து, ஒரு துண்டு எடுத்திருப்போம்.

லாக் பள்ளத்தின் அடியில் மெஷின் தேவைக்கு மேல் தோண்டியிருந்தது. அதை நிரப்புவதா என்று பேச்சு வந்தது. வெளியே தெரியாது, எந்தப் பாகமும் அங்கே சாயவில்லை, ஆகவே விட்டுவிடலாம் என்று முடிவு. உதை வாங்கும் டேங் நெஞ்சில் மட்டும் ஒரு மூலையில் காகிதம் நுழையும் இடைவெளி இருந்ததால் எபாக்சி வைத்தார்கள். உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நிறமில்லாத ஷூ பாலிஷைப் பூசினார்கள். அந்த வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

அந்த வாரமே 3 மில்லிமீட்டர் உளி வந்தது.

அடித்தகடும் மேல்வேலையும்

அடித்தகடுதான் எல்லாவற்றிலும் அதிக நேரம் தின்றது. பிறை வடிவத்தில் உள்வளைவும் வெளிவளைவும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். வளைந்த அரமும் கறுப்பும் தவிர வேறு வழியில்லை.

மேல்வேலையில் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது உலோகத்தைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்ப்பது. விரல் மென்மையானது, மரத்தின் மென்மையான நாரைக் குழிக்கும், பள்ளத்தின் ஓரத்தை உருட்டும். திரும்ப உலோகத்தை மாட்டும்போது அதைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். இங்கே உலோகத்தை மாட்டியபடியே அரத்தால் மரத்தை மட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு ஸ்கிரேப்பர். அதன் ஓரத்தில் பிசிறு மடிப்பது நண்பருக்கு இரண்டே தடவையில் பிடிபட்டுவிட்டது. தூள் பறக்காமல், காகிதம் மாதிரிச் சுருள் வந்தது. உப்புத்தாள் கடினமான கட்டையில் சுற்றி 120, 180, 220-ஓடு சரி. ஈரத்துணியால் துடைத்து, எழும் நாரைக் காய்ந்தபின் தேய்த்து, அதை இன்னொரு முறை செய்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சுகளாக. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டார்கள்.

என்ன ஆனது

தைப்பூசக் காவடிக்கு முன்பே வேலை முடிந்தது. சுடுவதற்கு முன் தகுதி பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் முழுவதும் பார்த்துச் சரி சொன்னார். சங்கத்து மைதானத்தில் மூத்தவர்கள் பக்கத்தில் நிற்க முதல் முறை சுடப்பட்டது. டேங்குக்குப் பின்னால் விட்ட இடைவெளி அப்படியே இருக்கிறது, கழுத்தில் விரிசல் இல்லை. ஒட்டிய சிம்பு எங்கே என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

ஜனவரியின் ஈரக்காற்றில் மரம் ஊதி, லாக் தகடு கழற்ற முடியாமல் இறுகியது. நண்பர் உளியை எடுத்துவிட்டார். பெரியவர் வேண்டாம் என்றார். ஜூன் மாத வறண்ட காற்றில் அதே தகடு தானாக விடுபட்டு, ஓரத்தில் மயிரிழை இடைவெளியும் காட்டியது. ஜனவரியில் சீவியிருந்தால் அந்த இழை வாய்க்காலாகியிருக்கும்.

கருவிகளில் அதிகம் தேய்ந்தவை 6 மில்லிமீட்டர் உளியும் வளைந்த நைஸ் அரமும். பெரியவருக்குத் தெரியாமல் நண்பர் பின்னால் வாங்கிய குழியுளி செட்டில் ஒன்றைத் தவிர மற்றவை பிளாஸ்டிக் மூடியோடு இருக்கின்றன.

அடுத்தவருக்கு மாற்ற வேண்டியவை

அதே தெருவில் இன்னொருவர் இப்போது கிட் வாங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவருக்காகப் பெரியவரும் நண்பரும் உட்கார்ந்து பேசியதில் சில மாற்றங்கள் முடிவாயின. எண் போட்ட தாளில் மிகக் குறுகிய மூலைக்குரிய உளி எதுவோ அதை முதலில் வாங்க வேண்டும், அது கிடைக்காதவரை அந்தப் பள்ளத்தைத் தொடங்கக் கூடாது. சின்ன உளி இல்லாத இடத்தில்தான் மெஷின் நுழைந்தது. வைஸும் தீட்டும் ஏற்பாடும் கிட்டுக்கு முன்பே வர வேண்டும். வேறு தொழிலில் கத்தி பழகியவராக இருந்தால் தீட்டிய உளியின் முதுகை வெளிச்சத்தில் இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழகிய கைக்குத் தன் அசைவு தெரியாது. பழகும் மரமாகக் கியாட்டை விட்டுவிடலாம். அதன் நார் குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் புதியவர் தன் உளியைக் குறை சொல்வதா மரத்தைக் குறை சொல்வதா என்று குழம்புகிறார். அதன் தூளும் மூக்கைப் பிடிக்கிறது, முகமூடி போட்டே நண்பர் தும்மினார். பழைய மரச்சாமானிலிருந்து வால்நட் துண்டு கிடைத்தால் அதுவே நல்லது.

காற்றில் ஈரம் அதிகமான மாதங்களில் உளிகளைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். தோல் உறையில் வைத்த 12 மில்லிமீட்டர் உளியின் முதுகில், தீட்டித் தட்டையாக்கிய அதே இடத்தில், டிசம்பருக்குள் துருப்புள்ளிகள் வந்துவிட்டன. தோலைப் பதப்படுத்திய உப்பு ஈரத்தை இழுக்கும் என்று நண்பருக்குத் தெரியும். உறை தைத்தவரும் அவரேதான்.